ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறியவள்

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் முன்வாசல் வழியாக மைனாவதி ஏறியதைப் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சென்னியப்பன் பார்த்தான். பார்த்தான் என்றால் முழுசாக இல்லை. அவள் வகிடு, தோளில் மாட்டியிருந்த மஞ்சள் பை, அவ்வளவுதான், அதற்குள் யாரோ ஒரு ஆள் குறுக்கே வந்து மறைத்துக்கொண்டான். அவன் கண்டக்டர், அவள் அவன் பெண்டாட்டி, இடையில் எண்பது பேர். அந்தப் பைக்குள் ஒரு காகிதம் இருக்கும். திங்கட்கிழமை அவள் கொடுத்த ரத்தத்துக்கு இன்றைக்கு முடிவு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு இருந்த சிபிலிஸ் என்கிற வியாதி அவளுக்கும் தொற்றியிருக்கிறதா, அவள் வயிற்றில் ஏறக்குறைய மூன்று மாசமாக இருக்கும் பிள்ளைக்கும் போய்விடுமா என்பது அந்தக் காகிதத்தில் இருக்கும். ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம் போலிருந்தது. ஆனால் டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்குக் காசு கிடையாது என்றாலும் சீட்டு உண்டு, ஒவ்வொருத்திக்கும் ஒரு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாக வேண்டும், வியாழக்கிழமையானால் வாய்க்கால் பாலத்தில் செக்கிங் ஆட்கள் நிற்பார்கள், யார் கையாவது வெறுமனே இருந்தால் மெமோ அவனுக்குத்தான். பின்னாலிருந்து ஆரம்பித்தால் முன்னால் போய்ச் சேர நாலு ஸ்டாப் ஆகும். இன்றைக்கு மட்டும் முன்னாலிருந்து ஆரம்பித்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. என்ன என்றால், டிரைவர் ரங்கண்ணன் கண்ணாடியில் பார்ப்பார், என்னப்பா புதுசா இருக்குது என்பார். அது வேண்டாம். அதுவுமில்லாமல், போய்ச் சேருவது கொஞ்சம் தள்ளிப்போனால் நல்லதுதான் என்று மனசின் ஒரு மூலை கள்ளத்தனமாகச் சொன்னது. தெரியாத வரைக்கும் நோய் இல்லை என்றுதானே அவன் இத்தனை நாளும் ஓட்டினான். விசில் கொடுத்தான். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்குது" என்றான். உள்ளே எள் போட இடமில்லை, இருந்தாலும் எந்தக் கண்டக்டர் அதை ஒத்துக்கொண்டிருக்கிறான்.

"சந்தைப்பேட்டை ரெண்டு." அவன் தோல்பையோடு சேர்த்துக் கட்டியிருந்த சின்ன டப்பாவில் நனைந்த பஞ்சு இருந்தது, கட்டைவிரலை அதில் ஒற்றி இரண்டு சீட்டைக் கிழித்தான். பஞ்சு வந்து ஒரு மாசந்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் நாக்குத்தான் பஞ்சு. கொரோனா சமயத்தில் எச்சில் தொடக்கூடாது என்று டிப்போவில் எழுதி ஒட்டினார்கள், ஒட்டின காகிதம் கிழிந்ததும் நாக்கு திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டது. வியாதி என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவன் முதலில் நினைத்தது தன்னைப் பற்றி இல்லை, மைனாவதியைப் பற்றிக்கூட இல்லை, அந்தக் கட்டைவிரலைப் பற்றி. பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு ஆறு நடை, நடைக்கு எத்தனை கை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீட்டை உதட்டில் வைத்து ஊதுமே, சில பேர் வாயில் கவ்விக்கொண்டு சில்லறை தேடுவார்களே. ஒரு ஜில்லாவுக்கே கொடுத்துவிட்டேனே என்று அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டான். ஆலோசகர் நவமணி மேடம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தபோது அந்தத் தம்ளரைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டான். "மேடம், என்ற கையில டிக்கெட் வாங்குனவிங்களுக்கெல்லாம் எப்படீங்க சொல்றது?" அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. இவன் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, காற்றில் ஒரு சீட்டைக் கிழித்து அவளிடம் நீட்டிக் காட்டினான். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை, சிரித்தே விட்டாள். இவனுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயே, இந்த அம்மா சிரிக்கிறாள் என்றால் நான் நினைக்கிற அளவுக்கு இல்லை போலிருக்கிறதே என்று ஒரு இளைப்பாறலும் வந்தது. அன்றைக்கு வந்த முதல் நல்ல மூச்சு அதுதான்.

"காயிதத்துல எல்லாம் இந்தக் கிருமி உயிரோட இருக்காது சார். உடம்பை விட்டு வெளிய வந்தா செத்துரும். ஒருத்தர் புண்ணு இன்னொருத்தர் தோல்மேல நேராப் படணும், அதுவும் அநேகமா உடலுறவுலதான், வாய் வழியா வச்சுக்கிட்டாலும் சரி. இல்லன்னா வயித்துல இருக்கற பிள்ளைக்கு அம்மாகிட்ட இருந்து." இவன் விடவில்லை. பஸ்ஸில் உள்ள சாமான் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டான். கம்பியைப் பிடித்தால்? வராது. சீட்டில் வேர்வை பட்டால்? வராது. டிப்போ கக்கூஸ்? வராது. ரங்கண்ணன் துண்டில் முகம் துடைத்தேனே? வராது. கொசு? அது வேற வியாதி சார். விசில்? போன மாசம் ஒரு நாள் இன்னொரு கண்டக்டர் என் விசிலை வாங்கி ஊதினானே? "அடுத்தவர் ஊதின விசிலைக் கழுவிட்டு ஊதுங்க, அது சுத்தம். உங்க வாயில இப்ப புண்ணே இல்ல, எங்க இருந்து போகும்?" வராது, வராது, வராது. ஒவ்வொரு வராதுக்கும் இவன் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கேட்பதற்கு இனி சாமான் இல்லை என்று ஆன பிறகுதான் கடைசி மூட்டை மிச்சம் இருப்பது தெரிந்தது, அதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளே கேட்டாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"கொஞ்சம் நவுருங்க, டிக்கெட்டு, ஏனுங்க அந்தப் பக்கம், சாயப்பட்டறையா." ஒரு மூட்டைக்காரன் இடுப்பில் இடித்தான், சென்னியப்பனுக்குக் கண்ணில் பொறி பறந்தது. திங்கட்கிழமை போட்ட ஊசி, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று வாரம். மருந்து உள்ளே போகும்போது கூழைக் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி கனமாக இறங்கும். மூன்று நாளாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடக்கிறான். வலித்தாலும் அந்த வலியின்மேல் அவனுக்கு ஒரு பிரியம் இருந்தது, அங்கே வலிக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அது பென்சிலின், பழைய மருந்து, கவர்ன்மென்ட்டில் சும்மா கொடுக்கிறார்கள், இந்தக் கிருமிக்கு அதைத் தாங்குகிற தெம்பு இன்னும் வரவில்லை என்று டாக்டர் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ் சுவரில் பதினோரு வருஷமாக அவன் படித்துக்கொண்டிருந்த விளம்பரம் ஞாபகம் வந்தது, மேகநோய், கிரந்தி, இளமையில் செய்த தவறு, லாட்ஜ் அறை எண் ஏழு, மாதம் முதல் சனி மட்டும். அந்த அறை எண் ஏழுக்குப் போயிருந்தால் அந்த வைத்தியன் என்ன கொடுத்திருப்பானோ. இவன் போயிருப்பான், நோய் இருக்கிறது என்று தெரிந்திருந்தால். தெரியாமல் இருந்ததுதான் வினோதம். அவன் உடம்பில் இருந்ததே, அவன் கண்ணெதிரே வந்ததே, வந்துவிட்டு விசில் கொடுக்காமலே இறங்கியும் போனதே.

ஐந்தரை வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்னால், மாற்றலாகிப் போன ஒரு கூட்டாளியை வழியனுப்ப நாலு பேர் வெளியூர் போனார்கள். ஒரு லாட்ஜ். அந்தப் பெண்ணின் பெயரை அவன் கேட்கவில்லை. அவள் லேசாக இருமிக்கொண்டே இருந்தாள், தண்ணி வேணுமா என்று கேட்டான், வேண்டாம் என்றாள், இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒரு மாசம் கழித்து அங்கே ஒரு புண். வலி இல்லை, அரிப்பு இல்லை. வலிக்காத புண்ணை யார் புண் என்று நினைப்பார்கள். சூடு என்று முடிவு கட்டினான். நாளெல்லாம் எஞ்சின் சூட்டில் நிற்கிற உடம்பு, கண்டக்டருக்குச் சூடு வராமல் யாருக்கு வரும். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தான், வெந்தயத்தை ஊற வைத்து விழுங்கினான், இளநீர் குடித்தான், நாலு வாரத்தில் புண் ஆறிப்போனது. வெந்தயத்தின் பெருமையை டிப்போவில் நாலு பேருக்கு எடுத்துச் சொன்னான்கூட. "அது வெந்தயம் குடிக்காட்டியும் ஆறியிருக்கும் சார்" என்றாள் நவமணி மேடம். "அதுவா ஆறும், அதுதான் அதோட தந்திரம். புண்ணு போகும், கிருமி போகாது." இரண்டு மாசம் கழித்து உள்ளங்கை முழுக்கச் செம்புள்ளிகள் வந்தன. அதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. சில்லறை. நாளெல்லாம் காசைப் பிடித்துப் பிடித்து அந்த உலோகம் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புது நாணயத்தில் என்னவோ கலக்கிறார்கள் என்று ரங்கண்ணனிடம் வாதம் செய்தான். ஒரு வாரம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு காசு வாங்கினான், புள்ளி மறைந்தது, பார்த்தீர்களா என்றான். மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கால்லயும் வந்துச்சா?" என்றாள். வந்தது என்றான். "உள்ளங்கால்லயா?" ஆமாம் என்றான். "அப்ப கால்லயும் சில்லறை வாங்குனீங்களா சார்?" அதை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால். அன்றைக்கு அவனே தன்னைக் கேட்டிருந்தால். கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று ஏதோ ஒரு இடத்தில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருமிக்கொண்டிருந்த அந்தப் பெண் இப்போது எங்கே இருப்பாள். அவளையும் கூட்டிவர முடியுமா என்று மேடம் கேட்டாள், பெயர் தெரியாது என்று தலையைக் குனிந்தான். அவளுக்கும் எவனோ ஒருத்தன் கொடுத்ததுதான். அவனுக்கு இன்னொருத்தி, அவளுக்கு இன்னொருத்தன், ஒருத்தருக்கும் வலிக்காமல் ஒவ்வொருத்தராகக் கைமாறி வந்திருக்கிறது. அவளுக்கு யாராவது ஒரு நவமணி மேடம் கிடைத்திருந்தால் நல்லது என்று நினைத்தான், உண்மையாகவே நினைத்தான்.

சந்தைப்பேட்டையில் பத்துப் பேர் இறங்கினார்கள், பதினைந்து பேர் ஏறினார்கள். கூட்டம் அசைந்தபோது ஒரு நொடி அவள் தெரிந்தாள். இடது பக்கம் மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டின சீட்டில் இடம் கிடைத்துவிட்டது. முகத்தைத் தூரத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். மடியில் பை, பைமேல் ஒரு கொய்யாப்பழம். கொய்யாப்பழம் வாங்கியிருக்கிறாள். நோய் இருக்கிறது என்று சொல்லப்பட்டவள் வெளியே வந்து கொய்யாப்பழம் வாங்குவாளா. வாங்க மாட்டாள். ஆனால் வாங்கினவள் கடிக்கவில்லையே. காசு கொடுத்து வாங்கிய பிறகு கடிக்க மனசு வராமல் வைத்திருக்கிறாளோ. அல்லது பஸ்ஸில் நாலு பேர் முன்னால் கடிக்கக் கூச்சமோ. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு மினி பஸ் ஒன்று அரை மணி முன்னாலேயே உண்டு, அதை விட்டுவிட்டு இதற்காக நின்றிருக்கிறாள். என் பஸ் என்பதற்காக நின்றாளா, இலவசம் என்பதற்காக நின்றாளா. என் பஸ் என்பதற்காக என்றால், நல்ல சேதியைச் சொல்லவா, கெட்ட சேதியைச் சொல்லவா. அப்படியே இருந்தாலும், இருந்தாலும் என்ன, அவளுக்கும் ஊசி உண்டு, இப்போதே போட்டால் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்று மேடம் அடித்துச் சொல்லியிருக்கிறாள், கவனிக்காமல் விட்டால்தான் பிள்ளை கலைந்து போகும், செத்துப் பிறக்கும். இந்த இரண்டு வார்த்தைகள் வந்ததும் மனசு வண்டி பிரேக் அடித்த மாதிரி நின்றது. வேறு பக்கம் திருப்பினான். கல்யாணம் ஆகி மூன்று வருஷம். புண் வந்து அதற்குள் இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. முதல் ஒன்றிரண்டு வருஷம்தான் அடுத்தவருக்கு அதிகமாகத் தொற்றும், அப்புறம் அது உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், பிறகு சுமப்பவனைத்தான் தின்னும், இதயம், மூளை, கண் என்று. ஆக அவள் தப்பித்திருக்கலாம். தப்பித்திருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது, ரத்தம் பார்த்தே ஆகணும் என்றாள் மேடம். அங்கேதான் அவன் சறுக்கினான்.

ரத்த தான முகாமில் அவன் கை நீட்டியது யாரையும் காப்பாற்ற இல்லை, ரத்தம் கொடுத்தால் ஒரு நாள் லீவு என்பதற்காக. அந்த ரத்தத்தைச் சோதித்துவிட்டுத்தான் ரத்த வங்கியிலிருந்து ஃபோன் வந்தது, ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போங்கள் என்று. அதே வாரம்தான் மைனாவதி கர்ப்பம் பார்க்கிற குச்சியில் இரண்டு கோடு விழுந்ததைக் காட்டினாள். மூன்று மாசம் முடிகிறவரை ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது, ஊர் நர்சுக்குக்கூட அப்புறம்தான் என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கெடுக்க இவனுக்கு மனசு வரவில்லை. வீட்டில் தன் தட்டைத் தனியாக எடுத்து வைத்தான், தம்ளரைத் தனியாகக் கழுவினான், துண்டை வேறு கொடியில் போட்டான், முன் அறையில் பாய் விரித்தான். மேடம் தட்டால் வராது, தம்ளரால் வராது, அவர்களை அழைத்து வாருங்கள் என்று சொன்ன பிறகும் தட்டைத் தனியாகத்தான் வைத்தான், அழைத்துத்தான் போகவில்லை. செய்ய வேண்டாத காவலையெல்லாம் விழுந்து விழுந்து செய்தான். செய்ய வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அது ஒரு மாசம் தொண்டையிலேயே நின்றது. இரண்டாவது ஊசி போட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கும்போது சொன்னான். உருவுகிற கை நிற்கவில்லை. "எத்தனை வருசமாச்சுங்க?" "அஞ்சரை." "நம்ம கல்யாணத்துக்கு முன்னால." "ஆமா." "அது செரி. உங்குளுக்குத் தெரிஞ்சு எத்தன நாளாச்சு?" இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "ஒரு மாசம்." கை அப்போதுதான் நின்றது. "ஒரு மாசம். வயித்துல புள்ளையோட நான் இங்க நடமாடிட்டிருக்கறேன், நீங்க தட்டக் கழுவிட்டிருந்தீங்க." எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒன்பது நாள். சோறு, தண்ணி, கதவு, இப்படி ஒற்றை ஒற்றை வார்த்தைகள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அவனுக்கு ஊசி, அவளுக்கு ரத்தம் எடுப்பு, ஒரு பேச்சு இல்லை. இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நேற்று இவன் சொன்னதற்கு, "நானே போயி வாங்கிக்கறேன்" என்றாள். ஒன்பது நாளில் அதுதான் நீளமான பேச்சு, அதையே ராத்திரி முழுக்க மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டு கிடந்தான், கோபமா, பரிவா, சும்மாவா என்று.

வாய்க்கால் பாலத்தில் செக்கிங் ஆட்கள் இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது. இன்னும் ஏழு பேர், ஆறு பேர். அவள் பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டு வைத்துக்கொண்டு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் குலம் கோத்திரம் தெரியாமல் இறங்குவதில்லை என்கிற வகை. "ஏங்கண்ணு, மாசமா இருக்கியா?" மைனாவதி தயங்குவாள் என்று நினைத்தான். "ஆமாங்கக்கா, மூணு மாசமாகப் போகுது." ஊர் நர்சுக்கே சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்கிறாள். "தனியாவா வந்தே?" "ஆமாங்க." அந்த ஆமாங்க சென்னியப்பனின் நெஞ்சில் நேராக வந்து இடித்தது, மூட்டைக்காரன் இடித்தது அதற்குத் தேவலை. "எல்லாம் பாத்தாங்களா?" "ரத்தம் பாத்தாங்க." இந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான், ஒரு பெரியவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டார், கோயில் ஸ்டாப் வந்துவிட்டதா என்று ஒருத்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். இவன் காதை மட்டும் அங்கே அனுப்பிவிட்டு மிச்ச உடம்போடு சில்லறை தேடினான். ஹாரன் நின்றது. மைனாவதி அடுத்ததை, தோள் உரசி உட்கார்ந்திருப்பவளுக்குத் தேவையில்லாத அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "ஒண்ணுமே இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. கொழந்தைக்கும் பயமில்லீன்னுட்டாங்க. ஏழாம் மாசத்துல எதுக்கும் இன்னொருக்கா பாக்கறாங்களாம்."

ஒன்றுமே இல்லை. எதற்கு ஒன்றுமே இல்லை? மனசு அவ்வளவு சுலபமாக விடுமா. ரத்தத்தில் ஆயிரம் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், சத்துப் பார்ப்பார்கள், அதில் எதற்காவது இல்லை என்று சொல்லியிருப்பார்கள். மைனாவதி பையிலிருந்து காகிதத்தை எடுத்து மடியில் விரித்தாள். பக்கத்து அம்மாள் எட்டிப் பார்த்து, "இங்கிலீசு எனக்கென்ன தெரியுங்கண்ணு" என்றாள். அவளுக்குக் காட்டுவதென்றால் அவள் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். காகிதம் நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தது, நிற்பவன் படிக்கிற மாதிரி, தலைகீழாக இல்லாமல். வி.டி.ஆர்.எல். என்று இருந்தது, இந்த வியாதிக்குப் பார்க்கிற சோதனை. அதற்கு நேரே நான்-ரியாக்டிவ் என்று இருந்தது. அவனுடைய காகிதத்தில் ரியாக்டிவ் என்று மட்டும் இருந்த இடம் அது. அந்த நான் என்கிற மூன்றெழுத்து இங்கிலீஷை அவன் இரண்டு தடவை, மூன்று தடவை படித்தான். மேல்கம்பியை எட்டிப் பிடித்தான். இல்லை. அவளுக்கு இல்லை. பிள்ளைக்கு இல்லை. இந்தச் சங்கிலி அவனோடு அறுந்துவிட்டது, அவனுக்குள்ளும் மூன்று ஊசியில் செத்துக்கொண்டிருக்கிறது, மூன்று மாசம் கழித்து வா, ஆறு மாசம் கழித்து வா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வருவான், தினமும் வரச் சொன்னால் தினமும் வருவான். பெரியவருக்கு மீதியோடு ஒரு சீட்டை அதிகமாகக் கொடுத்தான், அவர் திருப்பிக் கொடுத்தார், நன்றிங்க என்றான். கண்டக்டர் நன்றி சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார், ஒரு மாதிரி பார்த்தார். வெளியே மஞ்சள் மண்டி போய்க்கொண்டிருந்தது, அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து பஸ் முழுக்க நிறைந்தது. தினமும் ஆறு தடவை வருகிற வாசனைதான். ஒரு மாசத்துக்கும் மேலாக அது அவன் மூக்குக்கு எட்டவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகை வருகிற அளவுக்கு. ஆனால் காகிதத்தைக் காட்டியவள் முகத்தைக் காட்டவில்லை. தனியாவா வந்தே என்றதற்கு ஆமாங்க என்றாளே, அந்த ஆமாங்க அப்படியே இருக்கிறது.

அவர்கள் சீட்டுக்கு வந்து நின்றான். "மகளிர் ரெண்டு" என்றான், யாரும் கேட்காமலே. பக்கத்து அம்மாள் சீட்டை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். மைனாவதி பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள், அதில் வைத்தான். நகர்ந்திருக்க வேண்டும், முன்னால் இன்னும் இரண்டு வரிசை இருக்கிறது, கால் நகரவில்லை. அந்த அம்மாளுக்குப் பேச்சை விட மனசில்லை. "இந்த ஆம்பளைங்களே இப்புடித்தாங்கண்ணு. மொதோ மூணு மாசந்தான் சூதானமா இருக்கோணும், உன்ற வூட்டுக்காரரு கூட வந்து நிக்கறதில்லையா? நீ சொல்லு கண்டக்டரு தம்பி, மாசமா இருக்கறவள இந்தக் கூட்டத்துல ஒத்தையில அனுப்பறது ஞாயமா?" மைனாவதியின் முதுகு விறைத்ததை அவன் பார்த்தான். சும்மா சிரித்துவிட்டுப் போகலாம், கண்டக்டர்கள் அப்படித்தான் போவார்கள். "ஞாயமில்லீங்கக்கா" என்றான். குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "தப்புத்தானுங்க. பயத்துல புத்தி வேல செய்யாமப் போயிருக்குமுங்க. தெரிஞ்ச அன்னிக்கே வந்து பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்கோணும், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கோணும். அத அவன் செய்யல. அது பெரிய தப்புங்க." நியாயம் கேட்டவளுக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும், கறிவேப்பிலைக் கட்டை அணைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். மைனாவதியும் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். ஒன்பது நாளுக்கப்புறம் அவள் கண் அவன் முகத்தில் நின்றது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அவளும்தான் தூங்கவில்லை, அதைக்கூட இவன் இப்போதுதான் பார்க்கிறான்.

"நான் தனியா வரலீங்கக்கா" என்றாள் மைனாவதி. "சும்மா சொன்னேன். அவரு இந்த பஸ்ஸுலதான் இருக்காரு."

அந்த அம்மாள் உடம்பைத் திருப்பிப் பின்னால் நின்ற அத்தனை ஆம்பளைகளையும் ஒருவர் விடாமல் துழாவினாள். "எங்க? எந்த ஆளு? ஆரு, அந்தக் கட்டம் போட்ட சட்டையா?"

"இல்லீங்க. இவருதான்."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். காக்கிச் சட்டை, தோல்பை, கையில் டிக்கெட் கட்டு, எல்லாவற்றையும் புதுசாகப் பார்த்தாள். "அட, இவருகிட்டயேவா நான் இத்தனையும் பேசிட்டிருந்தேன்? போச்சாது போ, நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்கக்கா, இன்னும் நல்லாத் திட்டுங்க" என்றாள் மைனாவதி. "நான் ஒம்போது நாளாத் திட்டாம வெச்சிருக்கறேன்."

சென்னியப்பன் முன் வரிசைகளுக்குப் போகாமல், டிக்கெட் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்குவதற்காக அங்கேயே நின்றான்.